எங்கள் பழைய கடைத்தெருவை எங்கிருந்து தொடங்குவது? (டோங்காட்)

கரும்புக்காட்டுப் பேரன் (டோங்காட்)

அனைவருக்கும் வணக்கம். பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டின் பழைய கடைத்தெருவை அறிந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். என் ஆயா சனிக்கிழமைகளில் மெய்ட்ஸ்டோன் சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து நடந்தே வருவார். துணிக்கடையில் போன மாதக் கடனைத் தீர்ப்பார், புதுக் கடன் எழுதுவார், கீரையும் பச்சை மிளகாயும் வாங்குவார், தெரிந்த முகம் எதுவும் விடுபடாமல் நின்று பேசுவார். அரை நாள் போய்விடும். இன்று அதே தெருவில் பல கடைகளின் இரும்புக் கதவு இறங்கியே கிடக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, ஊரே மாதக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பிக் கிடந்தது. தண்ணீர் இல்லாமல் சாப்பாட்டுக் கடை எப்படி நடக்கும், முடிதிருத்தகம் எப்படி நடக்கும்? அப்போது மூடியவற்றில் சில திறக்கவே இல்லை. 2024 ஜூன் 3 அன்று சுழற்காற்று வந்து கூரைகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. இவற்றுக்கெல்லாம் முன்பே, கையில் பணம் உள்ளவர்கள் பலிட்டோ, உம்லாங்கா வணிக வளாகங்களுக்குக் காரைத் திருப்பிவிட்டார்கள்.

நாங்கள் ஆறு பேர் மூன்று மாதங்களாகச் சனிக்கிழமை காலையில் தெருவைப் பெருக்கி வருகிறோம். இதைப் பார்த்துவிட்டுச் சில கட்டட உரிமையாளர்கள் பேச வந்திருக்கிறார்கள். இந்தப் பகுதியைச் 'சிறப்பு வரிப்பகுதி'யாக அறிவிக்கச் செய்யலாம், கூடுதல் வரிப் பணத்தில் காவலாளிகளும் துப்புரவும் வைக்கலாம், முகப்புகளுக்கெல்லாம் ஒரே வண்ணம் பூசலாம், தெரு முனையில் ஒரு வளைவு கட்டலாம் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஏதோ உறுத்துகிறது. என்னவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உம்லாங்காவாசி

தம்பி, நான் நீங்கள் சொல்லும் 'காரைத் திருப்பியவர்'களில் ஒருவன். ஏன் திருப்பினேன் என்று ஒருவரும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். என் அம்மாவின் கைப்பையைப் பட்டப்பகலில் பறித்தார்கள். காரை நிறுத்த இடம் கிடையாது. கழிப்பறை கிடையாது. 2001இல் உம்லாங்காவில் கேட்வே வணிக வளாகம் திறந்தபோது அங்கே மூன்றும் இருந்தன. பழைய தெருவின் மீது எனக்கும் பாசம் உண்டு. பாசத்துக்காக எண்பது வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போக மாட்டேன். ஊர் கூடித் தேர் இழுப்போம் என்பதெல்லாம் சரி, வடம் யார் வாங்கித் தருவது?

மிளகாய்த்தூள் அக்கா (வாரிக் சந்தை, டர்பன்)

வாசி ஐயா கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பேரனின் உறுத்தல்.

டர்பனில் பேருந்துகளும் வேன்களும் கூடும் வாரிக் சந்திப்பில் இருக்கும் அதிகாலைச் சந்தையில் எனக்கு ஒரு மேடை இருக்கிறது. என் பாட்டி உட்கார்ந்த மேடை. 1910இலிருந்து கணக்கு வைக்கும் சந்தை அது. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து, காணி குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்ட நம் ஆட்கள் உண்டாக்கியது. 2009இல், மறு ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்து வரப்போகிறது என்று, இந்தச் சந்தை இருக்கும் இடத்தில் வணிக வளாகம் கட்ட மாநகராட்சி முடிவு செய்தது. அதற்கும் பெயர் 'புத்துயிர்' தான். படத்தில் கண்ணாடிச் சுவர், பனைமரம், கையில் பையுடன் சிரிக்கிற பெண்கள். என் மேடையை அந்தப் படத்தில் எவ்வளவோ தேடினேன்.

எங்களைக் காப்பாற்றியது எது தெரியுமா? பழம்பெருமை இல்லை. தள்ளுவண்டிக்காரர்கள். அதிகாலை இரண்டு மணிக்கு மூட்டைகளை இழுக்கும் ஜூலு இளைஞர்கள். சந்தை போனால் அவர்களுக்கும் பிழைப்பு இல்லை. வாசலுக்கு வெளியே கோழி விற்பவர்கள், சோளம் அவிப்பவர்கள், மாட்டுத்தலைக்கறி சமைக்கும் பெண்கள் எல்லோரும் கூட நின்றார்கள். சட்ட உதவி மையம் வழக்கை எடுத்துக்கொண்டது. 2010இல் சந்தை தன் நூறாவது ஆண்டைத் தன் இடத்திலேயே கண்டது. 2011இல் மாநகர மன்றம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது.

'இந்தியர் சந்தை, எங்கள் பாரம்பரியம்' என்று மட்டும் கத்தியிருந்தால் தோற்றிருப்போம் என்பது என் எண்ணம். சில பேருக்கு இது பிடிக்காது.

ஆகவே பேரா, உன்னை ஒன்று கேட்கிறேன். உன்னோடு பெருக்கும் ஆறு பேரில் அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர் எத்தனை பேர்? நடைபாதையில் விற்பவர் எத்தனை பேர்? ஜூலு பேசுபவர் எத்தனை பேர்?

கரும்புக்காட்டுப் பேரன்

அக்கா, கடைக்காரர் ஒருவர். மற்ற இரண்டுக்கும் பதில் ஒருவருமில்லை. ஆறு பேரும் ஒரே கோவில் சங்கத்தைச் சேர்ந்தவர்கள்.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்

மிளகாய்த்தூள் அக்காவின் போராட்டத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் பாரம்பரியம் என்றாலே ஏதோ தடைக்கல் என்பதுபோல் பேசுவதை ஏற்க முடியாது.

1860 நவம்பர் 16 அன்று 'டுரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்தது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களும் பிள்ளைகளும் உண்டாக்கிய கடைத்தெருக்கள் இவை. 1950இன் இனவாரிப் பகுதிச் சட்டம் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியை எங்களிடமிருந்து பிடுங்கியது. வீடுகள் போயின, கோவில்கள் மட்டும் தனியாக நின்றன. என் அப்பா, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு வந்தபோது இங்கே வரிசை வரிசையாக வீடுகள் இருந்தன, ஊருக்கு நடு என்று ஒன்று இல்லை. கடைத்தெருவைத் திட்டமிட்டவர்கள் மறந்துவிட்டார்கள், அல்லது வேண்டாம் என்றே விட்டார்கள். வெஸ்ட்கிளிஃபில் மக்களே கூடிக் கூடி உண்டானதுதான் இன்றைய பங்களாதேஷ் சந்தை. வாழைப்பூ வேண்டுமானாலும் வெற்றிலை வேண்டுமானாலும் டர்பனின் எந்த மூலையிலிருந்தும் அங்கே வருகிறார்கள்.

இத்தனையும் இழந்த சமூகம் தன் தெரு முனையில் ஒரு வளைவு வைத்து, நான்கு வரி தமிழில் எழுதி வைக்க ஆசைப்பட்டால் அதில் என்ன குற்றம்? தைப்பூசக் காவடி போகும் பாதை அது. பெயர் இல்லாத தெருவைப் பிள்ளைகள் நேசிக்க மாட்டார்கள்.

மிளகாய்த்தூள் அக்கா

வாத்தியாரையா, குற்றம் என்று நான் சொல்லவில்லை. வரிசையைத்தான் சொல்கிறேன். வளைவு முதலில் வந்தால், அதற்குக் கீழே சோளம் விற்பவளை அடுத்த மாதம் அகற்றுவார்கள். படம் எடுக்க இடைஞ்சல் என்பார்கள்.

கேட்டோ மேனரைப் பற்றிச் சொன்னீர்கள். அங்கே நிலம் நம்முடையது, குடிசை வாடகை கொடுத்தவர்கள் ஆப்பிரிக்கர்கள். 1949 ஜனவரி 13 அன்று விக்டோரியா தெருவில், எங்கள் சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு சிறுவன் அடிபட்டதில் தொடங்கியது கலவரம். 142 பேர் செத்தார்கள். என் பாட்டி மூன்று நாள் ஒரு பண்டகசாலையில் ஒளிந்திருந்தார். அதே பாட்டிதான் பிறகு சாகும்வரை ஜூலுவில் விலை பேசினார், ஜூலுவில் திட்டினார், ஜூலுவில் சிரித்தார். வீட்டில் எங்களோடு பேசியது மட்டும் தமிழ்.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்

1949ஐ எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் அம்மா. என் பெரியப்பாவைக் காப்பாற்றி வைத்திருந்தது ஒரு ஜூலு குடும்பம்.

நெறியாளர்

இருவரும் பெரியவர்கள். இழை டோங்காட்டைப் பற்றியது. தொடருங்கள்.

திட்டவரைவாளன் (மதுரையிலிருந்து வந்தவன், டர்பனில் பதினோரு ஆண்டுகள்)

நகரமைப்பு என் தொழில். பேரனின் உறுத்தலுக்குச் சட்டத்தில் ஒரு முகவரி இருக்கிறது.

சிறப்பு வரிப்பகுதி என்பது 2004ஆம் ஆண்டின் நகராட்சிச் சொத்துவரிச் சட்டம், 22ஆம் பிரிவு. ஒரு பகுதியை வரையறுத்து, அங்கே மட்டும் கூடுதல் வரி வாங்கி, அந்தப் பணத்தை அங்கேயே செலவிட நகராட்சிக்கு அது வழி தருகிறது. ஊர் மக்களைக் கலந்து பேச வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் பெரும்பான்மைச் சம்மதம் யாருடையது? அந்தக் கூடுதல் வரியைச் செலுத்தும் பொறுப்பு உள்ளவர்களுடையது. சொத்துக்காரர்கள். வாடகைக்குக் கடை நடத்துபவருக்குக் கருத்துச் சொல்ல இடம் உண்டு, சம்மதக் கணக்கில் இடம் இல்லை. நடைபாதைக்காரருக்கும் அதே கதை. ஆனால் அந்த வரி வாடகையில் ஏறி வாடகைக்காரர் தலையில்தான் இறங்கும். பணம் கொடுப்பவர் ஒருவர், கை தூக்குபவர் இன்னொருவர். உங்களுக்கு உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த ஏற்பாடே தவறு என்று சொல்ல மாட்டேன். துப்புரவும் வெளிச்சமும் உண்மையாகவே மேம்பட்ட தெருக்கள் உண்டு. ஆனால் அதைச் 'சமூகம் நடத்தும் மீட்டெடுப்பு' என்று அழைத்தால் சமூகம் என்ற சொல்லைச் சுருக்கிவிடுகிறோம்.

அடுத்தது வாரிக். 2009 சண்டையை எல்லோரும் பேசுகிறார்கள், அதற்கு முந்தைய பத்தாண்டை மறந்துவிடுகிறார்கள். 1990களின் நடுவில் மாநகராட்சி அங்கே ஒரு புதுப்பிப்புத் திட்டம் தொடங்கியது. பல துறை அதிகாரிகளையும் சந்திப்புக்கு நடுவிலேயே ஒரு பழைய கட்டடத்தில் உட்காரவைத்தார்கள். குழாய் உடைந்தால் வியாபாரி கதவைத் தட்டிச் சொல்லலாம், கோப்பு எழுத வேண்டியதில்லை. அவர்கள் முதலில் எடுத்த வேலைகளைப் பாருங்கள். சோளம் அவிப்பவர்களுக்கு நெருப்பு மூட்ட ஒதுக்கிடம். மாட்டுத்தலை சமைப்பவர்களின் எண்ணெய்க் கழிவு மழைநீர்ச் சாக்கடையில் போகாதிருக்க ஏற்பாடு. பாதியில் நின்றுபோயிருந்த மேம்பாலத் துண்டின் மேல் மூலிகைச் சந்தை. எதுவும் அஞ்சல் அட்டையில் போடுகிற அழகு இல்லை. விற்பவரிடம் கேட்டுக் கேட்டு, அளந்து அளந்து செய்தது. ஒரு நாளைக்கு 4,60,000 பேர் கடக்கும் இடம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு நெரிசலில் அரை மீட்டர் மேசையின் அகலம்கூட ஒருவரின் வருமானத்தை மாற்றும்.

அந்தத் திட்டத்தில் இருந்த ரிச்சர்ட் டாப்சனும் பாட்ரிக் இண்ட்லோவுவும் 2008இல் வெளியே வந்து 'அசியே எத்தாஃபுலெனி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஜூலுவில் 'மேசைக்கு வாருங்கள்' என்று பொருள். மேசை என்பது பேச்சுவார்த்தை மேசையும்தான், விற்கிற மேசையும்தான் என்று நான் படித்துக்கொள்கிறேன்.

உம்லாங்காவாசி

எல்லாம் சரி. என் அம்மாவின் கைப்பை?

மிளகாய்த்தூள் அக்கா

வருகிறேன் என்றேனே. வாரிக்கில் 1990களில் நிலைமை இதைவிட மோசம். கொலையே நடக்கும். அப்போது வியாபாரிகளே 'குற்றத்துக்கு எதிரான வியாபாரிகள்' என்று ஒரு குழு வைத்தார்கள். அதிகாலை இரண்டிலிருந்து இரவு வரை தெருவில் இருப்பவர்கள் நாங்கள். எவன் திருடன், எவன் பசியில் நிற்கிறான் என்று எங்களுக்குத் தெரியும். காவலாளிக்கு எட்டு மணி நேர வேலை, அவனுக்கு முகம் தெரியாது. ஒரே ஒரு எச்சரிக்கை: இந்த மாதிரிக் குழுவில் அடிக்கும் கை நுழைந்துவிடக் கூடாது. பிடித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், தீர்ப்பு நாம் சொல்லக் கூடாது. இது எல்லா நாளும் சரியாக நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

நடைபாதையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் தெருவில் கைப்பை பறிப்பது கடினம் ஐயா. வெறிச்சோடிய தெருவில்தான் சுலபம். அம்மாவை ஒரு நாள் எங்கள் சந்தைக்குக் கூட்டி வாருங்கள். காலை ஏழு மணி. நான் கூடவே நடக்கிறேன். மிளகாய்த்தூள் என் கணக்கு.

உம்லாங்காவாசி

கார் நிறுத்த இடம்?

மிளகாய்த்தூள் அக்கா

அதில் உங்கள் கேட்வேதான் ஜெயித்தது.

லெனேசியா மீனாட்சி (ஜோகன்னஸ்பர்க்)

தாமதமாக வருகிறேன். இரண்டு செய்திகள்.

ஒன்று எங்கள் ஊர். ஃபீட்டாஸ் என்று நாங்கள் அழைக்கும் பேஜ்வியூ. அங்கே பதினான்காம் தெரு என்றால் துணி, தையல், பேரம். அதை 1970களில் இனவாரிப் பகுதிச் சட்டத்தின்கீழ் காலி செய்தார்கள். கடைக்காரர்களை ஃபோர்ட்ஸ்பர்க்கில் கட்டிய ஓரியண்டல் பிளாசாவுக்குப் போகச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்காரரின் தாத்தாவால் புது வாடகை கட்ட முடியவில்லை, தையல் இயந்திரத்தை விற்றார். பிளாசா இன்றும் நன்றாக நடக்கிறது, நானும் அங்கேதான் துணி எடுக்கிறேன். தெரு பிழைத்தது என்று சொல்ல முடியுமா? கடைகள் சில பிழைத்தன, அவ்வளவுதான். கட்டடம் புதிதாகும்போது பழைய ஆள் உள்ளே இருக்கிறாரா என்று பார்ப்பதுதான் என் அளவுகோல்.

இன்னொன்று வெளியூர். என் மகள் லிவர்பூலில் இருக்கிறாள். அங்கே கிரான்பி என்று நான்கு தெருக்கள். 1981 டாக்ஸ்டெத் கலவரத்துக்குப் பிறகு வீடுகளைக் காலி செய்து பலகை அடித்துவிட்டார்கள். மிச்சமிருந்த சில பெண்கள் தெருவைப் பெருக்கினார்கள் (பேரனைப் போல), பலகைகளில் படம் வரைந்தார்கள், தொட்டியில் செடி வைத்தார்கள், தெருச்சந்தை போட்டார்கள். இதோடு நின்றிருந்தால் வீட்டு விலை ஏறி அவர்களே வெளியேறியிருப்பார்கள். 2011இல் மக்கள் நில அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்து வீடுகளை அதன் பெயரில் வாங்கத் தொடங்கினார்கள். அவர்களோடு வேலை செய்த 'அசெம்பிள்' குழுவுக்கு 2015இல் டர்னர் பரிசு கிடைத்தது. கலைஞர்களுக்குக் கொடுக்கும் பரிசைத் தெருவைச் சீர்செய்தவர்களுக்குக் கொடுத்ததில் அங்கே கொஞ்சம் முணுமுணுப்பு இருந்ததாம்.

திட்டவரைவாளன்

கிரான்பியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே வீடுகள் காலியாக இருந்தன, பெரும்பாலும் பொதுத்துறையின் கையில் இருந்தன. டோங்காட்டில் கட்டடங்கள் தனியாருடையவை. ஆனால் மீனாட்சி அம்மா சொன்னதில் ஒரு பொருள் நமக்கும் உண்டு: பூச்சு வேலைக்கு முன்னால் இருப்பிடத்தை உறுதி செய்ய வேண்டும். நிலம் வாங்க முடியாவிட்டால் குறைந்தபட்சம் எழுத்தில் ஒரு குத்தகை. பழைய கடைத்தெருக்களில் பாதிப் பேர் மாதாமாத வாய்ப்பேச்சில்தான் இருக்கிறார்கள். தெரு பளபளத்த மறுமாதமே கிளப்பிவிடலாம்.

டோங்காட்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: 2013 நவம்பர் 19 அன்று, நீதிமன்றத் தடையையும் மீறிக் கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் இடிந்து இரண்டு பேர் இறந்தார்கள். 'வளாகம் வந்தால் ஊர் எழும்' என்று அன்றும் சொன்னார்கள்.

கரும்புக்காட்டுப் பேரன்

அன்று நான் பள்ளியில் இருந்தேன். சைரன் சத்தம் விடாமல் கேட்டது நினைவிருக்கிறது. அந்தப் பக்கம் போனால் இப்போதும் பேச்சு நின்றுவிடும்.

உரிமையாளர்களிடம் 'இப்போது கையெழுத்து வேண்டாம்' என்று சொல்லிவிட்டேன். நான்கு வாரம் கேட்டிருக்கிறேன். தெருவில் இருக்கும் ஒவ்வொருவரையும் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டு எழுதப் போகிறோம்.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்

ஒன்று சொல்கிறேன், யாரும் என் வளைவை அடக்கம் செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆனால் எழுதும்போது கோவில் மண்டபத்தில் கூட்டம் போடாதீர்கள். மண்டபத்துக்கு வரத் தயங்குபவர்கள் இருப்பார்கள், செருப்பைக் கழற்றச் சொன்னாலே திரும்பிப் போய்விடுவார்கள். டாக்சி (பங்கு வேன்) நிறுத்தத்தில் போடுங்கள். ஜூலு நன்றாகத் தெரிந்த என் பழைய மாணவி ஒருத்தி வெருலத்தில் இருக்கிறாள். வரச் சொல்கிறேன்.

கரும்புக்காட்டுப் பேரன் (ஐந்து வாரங்களுக்குப் பிறகு)

போய் வந்தோம். நான்கு வாரம் ஐந்தாகிவிட்டது, ஒரு சனிக்கிழமை முழுக்க மழை.

நாங்கள் எதிர்பார்த்தது: காவலாளி, விளக்கு, வண்ணம். கேட்டது வேறு. டாக்சி நிறுத்தத்தருகே சோளம் விற்கும் அம்மாவுக்கு ஒரு தண்ணீர்க் குழாயும், இரவில் அடுப்பையும் குடையையும் பூட்டிவைக்க ஓர் அறையும் போதும். இப்போது தினமும் டாக்சிக்கு இரண்டு ஆள் கட்டணம் கொடுத்து எல்லாவற்றையும் வீட்டுக்குத் தூக்கிப்போகிறார். எட்டு ஆண்டுகளாக அவரிடம் சோளம் வாங்கித் தின்றிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. கைப்பேசி உறை விற்கும் சோமாலிய இளைஞர் முதல் இரண்டு முறை எங்களோடு பேசவே இல்லை, 2021 ஜூலைக் கலவரத்தை நினைத்துக்கொண்டு ஆள் பார்த்தார். மூன்றாம் முறை தேநீர் கொடுத்தார். அவருக்கு வேண்டியது எழுத்தில் வாடகைச் சீட்டு. எங்கள் சங்கத்து மாமா ஒருவர் கடைசியாக மூடிய தன் துணிக்கடையின் பின்கட்டை இரவுப் பண்டகசாலையாகத் தர ஒப்புக்கொண்டார். பூட்டுச் சாவி யாரிடம் இருப்பது என்பதில் இரண்டு மணி நேரம் விவாதம், இன்னும் முடியவில்லை.

உரிமையாளர்களில் இரண்டு பேர் மூன்று ஆண்டுக் குத்தகைக்குச் சம்மதித்தார்கள். வளைவுப் படத்தோடு வந்தவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. பெருக்க வருபவர்கள் பதினொன்றாகியிருக்கிறோம், நான்கு பேர் வியாபாரிகள். ஒரு வருத்தமும் உண்டு: முதல் ஆறு பேரில் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். 'இது நம் தெருவாக இல்லையே' என்றார் ஒருவர். அவரை எப்படித் திரும்ப அழைப்பது என்று தெரியவில்லை.

இன்னொன்று. பழைய அட்டைப்பெட்டிகள் பொறுக்கும் பெண்கள் நால்வர் இருக்கிறார்கள். வாங்குபவர் எடையில் ஏமாற்றுகிறார் என்கிறார்கள். வாரிக்கில் இதற்கு ஏதோ செய்ததாக ஞாபகம்?

மிளகாய்த்தூள் அக்கா

ஆமாம். அவர்களுக்கென்று ஒரு கொள்முதல் இடமும், ஒழுங்கான தராசும் வைத்தார்கள். எடை அவர்கள் கண்ணெதிரில். வருமானம் கூடியது, சண்டை குறைந்தது.

நின்றுபோன இரண்டு பேரை விடாதே. வீட்டுக்குப் போய்ப் பார், கூட்டத்துக்குக் கூப்பிடாதே, சும்மா போய்ப் பார்.

என்னிடம் பழைய மேடைத் தராசு ஒன்று சும்மா கிடக்கிறது, ஐம்பது கிலோ வரை தாங்கும். பக்கி (சிறு சரக்கு வண்டி) எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை நான்கு மணிக்குள் வா. ஐந்துக்கு மேல் கூட்டம் வந்துவிடும், நான் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

உம்லாங்காவாசி

தராசைத் தூக்க ஆள் வேண்டுமா? என்னிடம் பக்கி இருக்கிறது. அம்மாவும் வருகிறேன் என்கிறார்.